அழுகையை மூடிய கை

இது சின்னவர்களுக்குச் சொல்லும் கதைதான். ஆனாலும் பிள்ளை பெற்றவர்கள் கொஞ்சம் அருகில் வந்து உட்காருங்கள்.

வெகு காலத்துக்கு முன்னால் ஆற்றூர் நாட்டைச் செங்கோடன் என்ற அரசன் ஆண்டுவந்தான். அவன் மனைவி கயற்கண்ணி மலைநாட்டிலிருந்து வந்தவள். அவள் நடந்தால் சிலம்பு ஒலிக்காது. சிரிப்பு வந்தால் முந்தானையால் வாயை மூடிக்கொள்வாள். எவ்வளவு அடக்கம் என்று அரண்மனையே அவளைப் புகழ்ந்தது.

வெகுநாள் காத்திருந்து அவர்களுக்கு ஓர் ஆண் குழந்தை பிறந்தது. கயற்கண்ணி தானே பாலூட்டினாள், தானே குளிப்பாட்டினாள், தானே தாலாட்டினாள். அந்தத் தாலாட்டும் பக்கத்தில் இருப்பவருக்குக் கேட்காது.

ஒருநாள் குழந்தை பசியில் வீறிட்டது. அரசியின் கை சட்டென்று அதன் வாயைப் பொத்தியது. பணிப்பெண் பதறி ஓடிவந்து கையை விலக்கினாள். இரண்டாம் முறை எறும்பு கடித்து அழுதபோதும் அப்படியே நடந்தது. மூன்றாம் முறை குழந்தையின் முகம் நீலம் பாரித்துவிட்டது. மருத்துவர் அருகில் இருந்ததால் பிழைத்தது.

செய்தி சபைக்குப் போயிற்று. அரசிக்குச் சித்தம் கலங்கிவிட்டது என்றார் மருத்துவர். தாய்க்கும் பிள்ளைக்கும் ஆகாத வேளை என்றார் சோதிடர். அரசியைப் பிறந்தகத்துக்கு அனுப்பிவிட்டுப் பிள்ளையைக் காப்பாற்றுங்கள் என்று கெஞ்சினார் அமைச்சர். மூவரும் அரசனுக்கு வேண்டியவர்கள். அவர்கள் பயந்ததிலும் தவறில்லை.

அரசன் மனைவியைத் தேடிப் போனான். அவள் தொட்டிலை விட்டு எட்டப் போய், தன் கைகள் இரண்டையும் மடித்து அவற்றின் மேலேயே உட்கார்ந்திருந்தாள்.

"ஏன் இப்படிச் செய்கிறாய்?" என்று மெல்லக் கேட்டான்.

"தெரியவில்லை. அவன் அழுதால், யாரோ வந்துவிடுவார்கள் என்று நெஞ்சு அடைத்துக்கொள்கிறது. நான் நினைப்பதற்குள் கை போய்விடுகிறது. என்னை அனுப்பிவிடுங்கள். அவன் பிழைக்கட்டும்."

யார் வருவார்கள் என்று கேட்டான். அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை.

அரசன் அவளை அனுப்பவில்லை. குழந்தைக்கு எப்போதும் ஒருத்தியைத் துணை வைத்துவிட்டு, கயற்கண்ணியை வளர்த்த செவிலி உமையாளை மலைநாட்டிலிருந்து வரவழைத்தான்.

நடந்ததைக் கேட்டதும் உமையாள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். பிறகு சொன்னாள். கயற்கண்ணி நடை பழகும் வயதில் பகைவர்கள் அவள் ஊருக்குள் புகுந்து கண்ணில் பட்டவர்களையெல்லாம் வெட்டினார்கள். உமையாள் குழந்தையோடு நெல் குதிருக்குள் ஒளிந்துகொண்டாள். வெளியே அவர்களின் காலடி ஓசை. குழந்தை அழ வாய் திறந்தபோதெல்லாம் உமையாள் வாயைப் பொத்தினாள். உயிர் தப்பியது. அதன்பின் அந்தக் குழந்தை வாய்விட்டு அழவே இல்லை. நல்ல பிள்ளை, அழாத பிள்ளை என்று ஊரார் கொண்டாடினார்கள்.

"கொண்டாடியவர்களில் நானும் ஒருத்தி, அரசே. அவளை அழவிட்டிருக்க வேண்டும். எனக்குத் தோன்றவில்லை."

கயற்கண்ணி கேட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்கு எதுவும் நினைவில்லை. கை மட்டும் தானாக எழுந்து அவள் வாயைப் பொத்திற்று.

அன்றுமுதல், குழந்தை அழுதால் அரசன் ஓடிவருவான். பிள்ளையை அவளிடமிருந்து பிடுங்க மாட்டான். அவள் கையைத் தன் கைக்குள் வைத்துக்கொண்டு, "அழட்டும். வாசலில் நிற்பவர்கள் நம் ஆட்கள்தான்" என்பான். சில நாள் அவள் கை பிள்ளையின் வாயை நோக்கி இழுத்துக்கொண்டு போகும். சில நாள் வியர்த்து அடங்கும். மாதங்கள் ஓடின. அமைச்சர் முகம் சுளித்தார், அரசன் பொறுத்தான்.

மழைக்காலத்தில் ஒரு பிற்பகல் பெரிய இடி விழுந்தது. தூங்கிய குழந்தை அலறி எழுந்தது. அரசன் அப்போது எல்லைக்குப் போயிருந்தான். துணைக்கு இருந்த பெண் பாய்வதற்குள் கயற்கண்ணி பிள்ளையை வாரி எடுத்துவிட்டாள். அவள் கை அதன் முதுகைத் தடவிற்று.

"அழு கண்ணே. நன்றாக அழு. அம்மா இருக்கிறேன்."

சொல்லச் சொல்ல அவளுக்கே அழுகை பொங்கிவந்தது. அரண்மனை முழுக்கக் கேட்கும்படி அழுதாள். பணிப்பெண்கள் திகைத்து நின்றார்கள். உமையாள் மட்டும் அவர்களை விலக்கிக்கொண்டு வந்து, தாயையும் பிள்ளையையும் சேர்த்துக் கட்டிக்கொண்டாள்.

ஆகவே கேட்டுக்கொள்ளுங்கள்: பிஞ்சு வயதில் பட்ட பயம் நினைவை விட்டுப் போனாலும் மனிதரை விட்டுப் போவதில்லை, அன்போடு பொறுத்திருப்பவர்களே அதை ஆற்ற முடியும்.