சாத்தி கண்ட கசிவு

வடிவம்மையிடம் பாடம் கேட்ட அஞ்சுகம், காதில் விழுந்த குரலையெல்லாம் அப்படியே பேசிக் காட்டுவாள். ஆடு, அத்தை, கோயில் மணியக்காரர், யாரையும் விட்டுவைத்ததில்லை.

ஒருநாள் கேட்டாள்: "வரலாற்றில் ராஜா வருகிறார். அவருடைய யானை வருகிறது. யானைக்குப் பெயர்கூட இருக்கிறது. எங்களைப் போன்ற பெண்பிள்ளைகள் எங்கே அம்மா?"

"போய்ப் பார்த்துவிட்டு வா" என்று குரு ஏரி மதகைக் காட்டினார்.

குனிந்து உள்ளே நுழைந்தாள். மறுபக்கம் பழைய காலம்.

பொழுது சாயுமுன் திரும்பி வந்தாள். தலையிலிருந்து அந்தக் காலத்து மழை சொட்டியது. முகமெல்லாம் சிரிப்பு.

"அம்மா, ஒரு ஊரையே காப்பாற்றிவிட்டு வருகிறேன்."

"நீயா?"

"நானும் சாத்தியும். ஆடு மேய்க்கிறவள், என் வயதுதான். கரைக்கு அடியில் கசிகிற தண்ணீர் கலங்கி வருகிறது, உள்ளே மண் அரிக்கிறது என்று அவள்தான் கண்டாள். வீடு வீடாகப் போய்ச் சொன்னாள். 'ஆட்டப் பாரு, போ' என்றார்கள். ஒருவன், 'ஏரி உங்கிட்ட வந்து சொல்லுச்சாக்கும்' என்றான்."

"பிறகு?"

"அடைமழை. யார் முகமும் தெரியவில்லை. ஏரித்தலைவர் வேளார் மாதிரி செருமிக்கொண்டு, 'டேய், மம்பட்டிய எடுங்கடா, கரை போவுது' என்றேன். ஊரே ஓடி வந்தது. கரை நின்றுவிட்டது."

அவளுக்குச் சிரிப்பு தாளவில்லை. "வேளாரும் ஓடி வந்தார் அம்மா. 'நானா கூப்ட்டேன்?' என்றார். 'நீங்கதான்' என்றார்கள். கொஞ்சம் யோசித்தார். 'ஆமா, நாந்தான்' என்றார்."

குரு சிரிக்கவில்லை. "சாத்தி?"

"மண் சுமந்துகொண்டிருந்தாள்."

"அந்த ஊரில் ஒரு வழக்கம் உண்டு. உடைப்பு வருகிறதென்று முதலில் குரல் கொடுத்தவர் என்று ஊர் ஏற்கிறவர் வயலுக்குத்தான் முதல் தண்ணீர். மதகுக்கும் அவர் பெயர்தான்."

அஞ்சுகத்தின் சிரிப்பு நின்றது.

"அவள் வயல் கடைமடையில் இருக்கிறது அம்மா. அங்கே தண்ணீர் வந்து சேர்வதே இல்லையாம். ஓடும்போது சொன்னாள்."

சொல்லிக்கொண்டே எழுந்தாள்.

"இன்னொரு தடவை போய்ச் சொல்லிவிட்டு வந்துவிடுகிறேன்."

"ஒருவருக்கு ஒருமுறைதான் திறக்கும்."

ஆனாலும் ஓடிப்போய் மதகுக்குள் தலையை நுழைத்துப் பார்த்தாள். மறுபக்கம் இன்றைய வயல்தான் தெரிந்தது. கொக்கு ஒன்று நின்றுகொண்டிருந்தது.

திரும்பி வந்து குருவின் அருகில் உட்கார்ந்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்:

"அவள் பேச்சை ஒருவரும் கேட்கவில்லை. வேளார் குரல் இல்லையென்றால் ஊர் போயிருக்கும். வேறு என்ன செய்திருக்க முடியும் அம்மா?"

"குரல் வேளாருடையதாகவே இருந்துவிட்டுப் போகட்டும்" என்றார் குரு. "'டேய், சாத்தி சொல்றா, வாங்கடா' என்று அதே குரலில் கூப்பிட்டிருக்கலாமே."