அல்லியின் முதல் பாட்டு

முதலில் ஒரு விடுகதை.

ஆயிரம் பாட்டுத் தெரிந்த அப்பாவிடம் அது இல்லை. ஒரே ஒரு பாட்டுத் தெரிந்த மகளிடம் இருந்தது. அப்பா ஒரு வார்த்தை சொன்னதும் மகளும் அதை ஒளித்துவைத்துவிட்டாள். அது என்ன?

இப்போதே சொல்லிவிட வேண்டாம். கதையைக் கேளுங்கள்.

பொள்ளாச்சியில் யோகாம்பாள் என்று ஒரு பாட்டு ஆசிரியை இருந்தார். அவருடைய மாணவர் சபாநாதன், ஆசிரியையைவிட நான்கு வயது மூத்தவர்.

ஒரு நாள் சபாநாதன் தன் ஏழு வயது மகள் அல்லியைக் கூட்டிக்கொண்டு வந்தார்.

"டீச்சர், இவளுக்கு நல்ல ரசனை வரணும். என்ன செய்யட்டுங்க?"

"இப்ப என்ன ரசனை?"

"எந்நேரமும் ஒரு சோப்பு விளம்பரப் பாட்டுங்க. இதெல்லாம் ஒரு பாட்டான்னு கேட்டேன். அன்னிக்கு வாயை மூடினவதான். ரெண்டு மாசமாச்சு. வீடே என்னவோ மாதிரி இருக்குங்க."

யோகாம்பாள் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. முதல் பாட்டைப் புதிதாக வரும் மாணவர்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். அதுவரை பாடம் கிடையாது.

"என்ன பாட்டு வேணும் கண்ணு?"

அல்லி அப்பாவின் முகத்தைப் பார்த்தாள்.

சபாநாதன் சட்டைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். "பத்துப் பாட்டு எழுதி வெச்சிருக்கேன். எல்லாமே உசத்தி."

பத்தையும் பாடிக் காட்டினார். தாளம் தப்பவில்லை. சுருதி விலகவில்லை.

அல்லி கடைசிவரை கேட்டாள். பிறகு மெல்லச் சொன்னாள்.

"இதுல உங்களுக்கு எதுப்பா பிடிக்கும்?"

"எல்லாமே பெரியவங்க பாடினதும்மா."

"அதில்லப்பா. உங்களுக்கு."

சபாநாதன் தாளைப் பார்த்தார். தாளில் அது எழுதியிருக்கவில்லை.

யோகாம்பாள் எழுந்துபோய் டேப்பில் ஒரு பாட்டைப் போட்டார். ஒரு பெண் குரல். சபாநாதன் பக்கம் திரும்பினார்.

"பிடிச்சிருக்கா?"

"யாருங்க பாடறது?"

யோகாம்பாள் டேப்பை நிறுத்தினார். சமையலறையிலிருந்து ஒரு தட்டில் வறுத்த பாகற்காய் கொண்டுவந்தார். சபாநாதன் ஒரு துண்டை வாயில் போட்டார். இன்னொன்று எடுத்தார்.

"பிடிச்சிருக்கா?"

"ரொம்பப் பிடிச்சிருக்குங்க."

"யார் வறுத்ததுன்னு கேக்கலையே?"

மூன்றாவது துண்டு கையிலேயே நின்றது.

தட்டு அல்லியிடம் போனது. "ஐயே, கசக்கும்" என்றாள். யோகாம்பாள் தட்டை வற்புறுத்தாமல் எடுத்துக்கொண்டார்.

"உங்களுக்குப் பிடிச்சதைக் கண்டுபிடிச்சுட்டு வாங்க" என்றார் சபாநாதனிடம்.

ஒரு வாரம் அவர் ரேடியோவின் முன்னால் உட்கார்ந்திருந்தார். ஒன்றும் பிடிபடவில்லை.

எட்டாம் நாள் காலை முகச்சவரம் செய்துகொண்டிருந்தார். உள்ளேயிருந்து மனைவி கேட்டார்.

"ஏனுங்க, வேற பாட்டே கிடையாதா உங்களுக்கு?"

"எந்தப் பாட்டு?"

"பஞ்சுமிட்டாய்க்காரர் தெருவுல கூவி விக்கிற பாட்டுத்தான். கல்யாணமான நாளிலிருந்து கத்தியைக் கையில எடுத்தா இதைத்தானே பாடறீங்க."

சோப்பு நுரை காயும்வரை சபாநாதன் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அன்று மாலை அல்லியோடு வந்தவர், முதலில் ஆசிரியை வீட்டுக் கதவைச் சாத்தினார்.

"சிரிக்கக் கூடாதுங்க."

"சிரிக்கல. பாடுங்க."

"வெள்ளைப் பஞ்சு வானத்துல, ரோசாப் பஞ்சு வாய்க்குள்ள…"

கண்ணை மூடிக்கொண்டார். ஓரிடத்தில் சுருதி விலகியது. அவருக்குத் தெரியவில்லை. கால் கட்டைவிரல் மட்டும் ஆடிக்கொண்டிருந்தது. முடித்த பிறகு, யாரும் கேட்காமலே கடைசி வரியை இன்னொரு முறை பாடினார்.

அல்லி வைத்த கண் வாங்காமல் பார்த்தாள்.

"இதுதான்மா" என்றார் சபாநாதன். காது மடல் சிவந்திருந்தது. "உனக்குப் பிடிச்சிருக்கா?"

அல்லிக்கு அது பிடிக்கவில்லை. அப்பாவின் பத்துப் பாட்டில் ஏழாவதைத் தன் முதல் பாட்டாகக் கற்றுத்தரச் சொன்னாள்.