கரி படாத தாடை

"என்கூட இருக்கிறவன்ல எவனோ என்னைக் காட்டிக்கொடுக்கிறான் மாஸ்டர். எவன்னு நீங்கதான் சொல்லணும்."

இப்படி வந்து நின்றவர் லெயோன் மச்சாது. ஏழு வருஷமாக ஹெவிவெயிட் பட்டத்தை யாருக்கும் விட்டுக்கொடுக்காதவர். தூத்துக்குடியில் அவர் எதிரே வந்தால் லாரிக்காரனே ஒதுங்கிப் போவான். அப்பேர்ப்பட்ட மனுசன் தூங்கி எத்தனை நாளாச்சோ, பாவம்.

மாஸ்டர் கஸ்பார் அவரைவிட மூன்று வயது இளையவர், ஆளும் ஒல்லி. ஆனாலும் மச்சாதுக்குக் குத்துச்சண்டை கற்றுக்கொடுத்தவர் அவர்தான். கிழிந்த கையுறை ஒன்றைத் தைத்துக்கொண்டே, மேலே சொல்லும் என்று தலையாட்டினார்.

மச்சாது கொட்டித் தீர்த்தார். இடது கையை வீசும்போது தன்னையறியாமல் அவருடைய வலது கை இறங்கிவிடும். வலது தாடை திறந்து கிடக்கும். மாஸ்டருக்கும் அவருக்கும் மட்டுமே தெரிந்த குறை அது. போன சண்டையில் கொச்சிக்காரன் வந்ததும் வராததுமாக அங்கேயே குத்தினான். மணி அடித்ததால் பட்டம் தப்பியது. வருகிற ஞாயிற்றுக்கிழமை அதே கொச்சிக்காரனோடு மறுபடி சண்டை. இன்னொன்று அங்கே விழுந்தால் பட்டமும் போச்சு, பிழைப்பும் போச்சு.

சொல்லிவிட்டு மாஸ்டரையே ஒரு மாதிரிப் பார்த்தார்.

மாஸ்டர் சிரித்தார். "சரி, சந்தேகப்பட்டவனை எல்லாம் என்ன செஞ்சீரு?"

துரத்திவிட்டாராம். பயிற்சியில் எதிரே நிற்கிறவன் அந்தத் தாடையில் குத்தினால், அவன் எதிராளி அனுப்பிய ஆள்தானே? போன சண்டைக்கு முன்னால் இரண்டு பேர், அப்புறம் இரண்டு பேர். நாலு பேரையும் அந்தந்த நிமிஷமே, எல்லார் முன்னாலும் பையைத் தூக்கி வாசலில் வீசி அனுப்பினார். இப்போது சமையல்காரன் மேலும் ஒரு கண்.

பயிற்சிக்கு மிச்சம் இருப்பவன் தொம்மை ஒருத்தன்தான். அவன் தங்கமான பையன் என்றார் மச்சாது.

மாஸ்டர் எழுந்து அவனை வரச் சொன்னார். கரித்தூளை எண்ணெயில் குழைத்துத் தொம்மையின் கையுறை இரண்டிலும் அப்பினார். மூன்று ரவுண்டு ஆடச் சொன்னார்.

ஆடினார்கள்.

முடிந்ததும் மச்சாதைக் கண்ணாடி முன்னால் நிறுத்தினார். நெற்றி, மூக்கு, இடது கன்னம், தோள், மார்பு, எல்லாம் கரி. வலது தாடை மட்டும் இப்போதுதான் கழுவித் துடைத்த மாதிரி இருந்தது.

மச்சாதுக்குப் பெருமை தாங்கவில்லை. "பாத்தீங்களா மாஸ்டர், விசுவாசம்னா இது."

மாஸ்டர் தொம்மை பக்கம் திரும்பினார்.

"மூணு ரவுண்டும் அந்த இடம் திறந்துதான் கிடந்துச்சு. கை தவறிக்கூட நீ அங்க குத்தலையே. குத்தக் கூடாதுன்னு உனக்கு யாருல சொன்னது?"

மச்சாது தொம்மையின் பை எங்கே என்று பார்த்தார். அப்போ இவனுமா?

தொம்மை திருதிருவென்று விழித்தான்.

"யாராவது வந்து சொல்லணுமா மாஸ்டர்? அங்க குத்துனவனைத்தான அண்ணாச்சி ஒவ்வொருத்தனா விரட்டுனாரு. டீக்கடையில எல்லாம் அதுதான பேச்சு."