சாய்தளத்தில் நின்ற நாற்காலி

மலையடிவாரத்தில் பதினொரு கட்டில்கள் கொண்ட ஒரு பராமரிப்பு இல்லம் இருந்தது. அதன் தலைமைச் செவிலியர் எப்சிபா. வயது முப்பத்தொன்பது. அவரிடம் வேலை கற்றுக்கொள்ள வந்தவர் ஆவுடையப்பன். வயது ஐம்பத்து மூன்று.

ஆவுடையப்பன் இருபத்தாறு வருடம் ஒரு பெரிய மருத்துவமனையின் ஆபரேஷன் தியேட்டரில் செவிலியராக இருந்தவர். அங்கே நோயாளி மயக்கத்தில் இருப்பார். கத்தி கேட்டால் கத்தி கொடுக்க வேண்டும். நூல் கேட்டால் நூல். எழுதும் வேலை குறைவு. இங்கே அந்த வேலை இருந்தது. அது மட்டும் அவருக்கு வரவில்லை.

இல்லத்துக்கு ஒரு தர்ம நிதி உதவி வந்தது. ஆறு மாதத்துக்கு ஒரு முறை ஒவ்வொரு நோயாளியைப் பற்றியும் செவிலியர் ஓர் அறிக்கை எழுத வேண்டும். இவருக்கு முழு நேரப் பராமரிப்பு தேவை என்று அறிக்கையில் தெரிந்தால் உதவி தொடரும். தெரியாவிட்டால் நிற்கும். நின்றால் நோயாளி வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

ஆவுடையப்பன் எழுதிய முதல் அறிக்கை தாயம்மாள் என்பவரைப் பற்றியது. ‘நலமாக இருக்கிறார்’ என்று எழுதினார். நலமாக இருப்பவருக்கு உதவி எதற்கு என்று பதில் வந்தது. தாயம்மாள் வீட்டுக்குப் போனார். பத்தொன்பதாம் நாள் முதுகில் இரண்டு புண்களோடு திரும்பி வந்தார்.

“நான் எப்படி இருக்கேன்னு இப்ப எழுதும் தம்பி, பாப்போம்” என்று சொல்லிவிட்டுச் சிரித்தார்.

ஆவுடையப்பனால் சிரிக்க முடியவில்லை.

இரண்டாவது அறிக்கை கொம்பையாவைப் பற்றியது.

கொம்பையா நாற்பது வருடம் லாரி ஓட்டியவர். பக்கவாதம் வந்து இடது கையும் இடது காலும் போய்விட்டன. வாய்க்கு ஒன்றும் ஆகவில்லை. ஆவுடையப்பனை அவர் கிளீனர் என்றுதான் கூப்பிடுவார். அவருக்கு உறவென்று இருந்தது ஒரே தங்கை. தங்கை தீப்பெட்டி ஆலைக்குப் போகிறவர். காலை ஏழு மணிக்குப் போனால் மாலை ஆறு மணிக்குத்தான் வீடு.

அறிக்கையைப் பார்த்து முடிவு சொல்ல, நிதியின் டாக்டர் ஒரு நாள் மதியம் மூன்று மணிக்கு வருவதாக இருந்தது. அன்று காலை பத்து மணிக்கு ஆவுடையப்பன் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஐந்து வரி எழுதியிருந்தார்.

“என்னவே கிளீனர், முகம் பஞ்சர் ஆயிட்டு?” என்றார் கொம்பையா.

“உங்க அறிக்கைதான் அண்ணாச்சி. உங்களுக்குப் புண் இல்லை. புரையேறலை. கீழே விழலை. இதைப் படிச்சா உதவியை நிறுத்திருவாங்க.”

“அதுக்கென்ன? முதுகுல ரெண்டு புண்ணுன்னு எழுதும். நான் ஒண்ணும் கோவிச்சுக்கிட மாட்டேன்.”

“பொய் எழுத எனக்குக் கை வராது அண்ணாச்சி.”

“அப்ப நெசமாவே ரெண்டு புண்ணு வர வையும். நாளைலேருந்து என்னைத் திருப்பிப் போடாதேயும்.”

“அதுக்கும் கை வராது.”

“எதுக்குமே வராத கையை வெச்சுக்கிட்டு என்னவே செய்யப் போறீரு?”

ஆவுடையப்பன் தாளை எடுத்துக்கொண்டு எப்சிபாவிடம் போனார். எப்சிபா மருந்து அலமாரியில் மாத்திரைகளை எண்ணிக்கொண்டிருந்தார். எண்ணி முடிக்கும் வரை ஆவுடையப்பன் நின்றார்.

“சிஸ்டர், ஒரு கேள்வி.”

“கேளுங்கண்ணே.”

“பொய் எழுதாம கொம்பையா அண்ணாச்சியை இங்கேயே வெச்சுக்கிட என்ன வழி?”

எப்சிபா கையை நீட்டினார். ஆவுடையப்பன் தாளைக் கொடுத்தார். எப்சிபா வாய்விட்டுப் படித்தார்.

“நோயாளி நலமாக இருக்கிறார். படுக்கைப் புண் இல்லை. சாப்பிடும்போது புரையேறவில்லை. கீழே விழவில்லை. ஓரளவு உதவி தேவைப்படலாம் எனத் தோன்றுகிறது.”

“அஞ்சும் உண்மை சிஸ்டர்” என்றார் ஆவுடையப்பன்.

எப்சிபா மருந்து அலமாரியைப் பூட்டினார். தாளை மடித்துப் பையில் வைத்தார்.

“அண்ணாச்சியை முற்றத்துக்கு இறக்குங்க. நானும் வர்றேன்.”

வார்டிலிருந்து முற்றத்துக்கு இறங்க ஒரு சாய்தளம் இருந்தது. நீளம் பதினெட்டு அடி. அடியில் ஒரு வாசல்கல். ஆவுடையப்பன் முறைப்படி இறக்கினார். அதாவது, அவர் கீழே பின்புறமாக நடந்தார். சக்கர நாற்காலி அவர்மேல் சாய்ந்தபடி பின்பக்கமாக இறங்கியது. கொம்பையாவின் முகம் மேலே வார்டைப் பார்த்து இருந்தது.

“ரிவர்ஸ்ல எறக்குதாரு. ஹாரன் அடிக்கத் தெரியலை” என்றார் கொம்பையா.

எப்சிபா சாய்தளத்தின் மேலே நின்றார்.

“அண்ணே, பாதியில நில்லுங்க. பிரேக் போட வேண்டாம். கையால பிடிங்க.”

ஆவுடையப்பன் நின்றார். நாற்காலியும் நின்றது.

“அண்ணாச்சி, உங்களைக் கொஞ்ச நேரம் இரவல் வாங்கிக்கிறேன்” என்றார் எப்சிபா.

“தாராளமா வாங்கிக்கோ தாயி. டீசல் நீ போடணும்.”

எப்சிபா பையிலிருந்து ஒரு வெள்ளைத் தாளை எடுத்தார்.

“அண்ணே, நாற்காலி நகருதா?”

“இல்லை சிஸ்டர்.”

எப்சிபா எழுதினார். எழுதியதைப் படித்தார். “சாய்தளத்தில் நாற்காலி நகரவில்லை. நலமாக நிற்கிறது. சரிதானே?”

“சரிதான்.”

“சரின்னா அதைப் பிடிக்க ஆள் எதுக்கு? விட்டுட்டு வாங்க. டீ ஆறுது.”

“சிஸ்டர்!”

“ஏ தாயி, இது என்ன வெளாட்டு?” என்றார் கொம்பையா.

“கையை எடுங்கண்ணே.”

“எப்படி எடுக்க? எடுத்தா உருண்டு போய் வாசல்கல்லுல மோதும்!”

“அப்படித் தோணுதா உங்களுக்கு?”

“தோணுறதா? மோதும் சிஸ்டர்!”

“ஓரளவு பிடிச்சா போதும்னு வெச்சுக்கலாமா?”

“ஓரளவா? ரெண்டு கையும் வேணும். முட்டியையும் முட்டுக் குடுத்திருக்கேன்.”

“எவ்வளவு நேரத்துல மோதும்?”

“மூணு எண்ணுறதுக்குள்ள.”

“எத்தனை கிலோ?”

“அண்ணாச்சி அறுபத்தெட்டு. நாற்காலி பதினேழு.”

“காலைல நாலு இட்டிலி. அதையும் லோடுல சேரும்” என்றார் கொம்பையா.

எப்சிபா இரண்டடி இறங்கி வந்து பேனாவை நீட்டினார்.

“நல்லாச் சொன்னீங்க. இதையெல்லாம் எழுதிக் குடுங்க.”

ஆவுடையப்பன் பேனாவைப் பார்த்தார். அதை வாங்க அவரிடம் கை இல்லை.

நாற்காலியைப் பிடித்திருந்த தன் இரண்டு கைகளையும் பார்த்தார். அவர் எழுதிய ஐந்து வரியில் அந்தக் கைகள் எங்கும் இல்லை.

“சிஸ்டர், அந்த அஞ்சு வரியைத் திருப்பிக் குடுத்துருங்க” என்றார்.

எப்சிபா பழைய தாளைக் கிழித்துப் பையில் போட்டுக்கொண்டார். “டீ குடிச்சிட்டு எழுதுங்க” என்றார்.

“எனக்கு டீ உண்டா?” என்றார் கொம்பையா.

“உண்டு. புரையேறாம இருக்கக் கெட்டியாக் கலக்கி, ஸ்பூன்ல” என்றார் ஆவுடையப்பன்.

“அது டீயாவே? களி.”

ஆவுடையப்பன் பதினொன்றே காலுக்கு எழுத உட்கார்ந்தார். முதல் வேலையாக, கொம்பையாவைத் திருப்பிப் படுக்க வைத்த நேரங்களைக் குறிக்கும் சார்ட்டை எடுத்து வைத்துக்கொண்டார். நடுவில் நான்கு முறை எழுந்து போனார். ஒரு முறை திருப்பிப் படுக்க வைக்க. ஒரு முறை சோறு ஊட்ட. ஒரு முறை உடை மாற்ற. ஒரு முறை கொம்பையா தூக்கத்திலிருந்து விழித்து, இடது கால் போனது ஞாபகமில்லாமல், லாரியிலிருந்து இறங்குவது போலக் கட்டிலிலிருந்து இறங்கப் பார்த்ததால். ஒவ்வொரு முறையும் திரும்பி வந்து, இப்போது எதற்காக எழுந்து போனோமோ அதை எழுதினார். இரண்டே முக்காலுக்கு முடித்தார். பத்தொன்பது வரிகள். ‘தோன்றுகிறது’ என்ற சொல் ஒன்றுகூட இல்லை.

மூன்று மணிக்கு டாக்டர் மெஹருன்னிசா வந்தார். அதிகம் பேசாதவர். அறிக்கையை நின்றபடியே படித்தார். கொம்பையாவின் முதுகைப் பார்த்தார். இடுப்பைப் பார்த்தார். இரண்டு குதிகால்களையும் தூக்கிப் பார்த்தார்.

“ஒரு கீறல்கூட இல்லையே. இவருக்கு எதுக்கு முழு நேர ஆள்?”

ஆவுடையப்பன் எப்சிபாவைப் பார்த்தார். எப்சிபா ஜன்னலோரம் போர்வைகளை மடித்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

“டாக்டர்” என்றார் ஆவுடையப்பன். குரல் கொஞ்சம் சறுக்கியது. மறுபடியும் தொடங்கினார். “டாக்டர், அந்தக் கீறல் தானா இல்லாமப் போகலை. ரெண்டு மணிக்கு ஒரு தடவை திருப்பிப் படுக்க வைக்கிறோம். ஒரு நாளைக்குப் பன்னிரண்டு தடவை. அதனாலதான் கீறல் இல்லை.”

“ரெண்டு தடவை விட்டுப்போனா என்ன ஆகும்?”

“குதிகால் சிவக்கும்.”

“சிவக்கலாம்.”

“சிவக்கும் டாக்டர். போன மாசம் ஒன்பதாம் தேதி பஸ் ஓடலை. ரெண்டு பேர் வேலைக்கு வரலை. ரெண்டு தடவை திருப்ப விட்டுப்போச்சு. சாயங்காலம் இடது குதிகால் சிவந்திருந்தது. மறைய நாலு நாள் ஆச்சு. ஏழாவது வரியில இருக்கு. சார்ட்டையும் சேர்த்து வெச்சிருக்கேன்.”

டாக்டர் ஏழாவது வரியைப் பார்த்தார். சார்ட்டைப் பார்த்தார்.

“அன்னைக்கு டியூட்டி யாரு?”

“நான்தான்.”

“உங்க தப்பை நீங்களே எழுதியிருக்கீங்க.”

“தப்பு என்னுது டாக்டர். குதிகால் அவருது. அது எழுத்துல இருக்கணும்.”

ஜன்னலோரம் போர்வை மடிக்கும் சத்தம் ஒரு கணம் நின்றது. பிறகு தொடர்ந்தது.

“சாப்பாடு?” என்றார் டாக்டர்.

“சோத்தை மசிச்சு, ஒரு ஸ்பூன் வெச்சா விழுங்கினதைப் பார்த்துட்டுத்தான் அடுத்த ஸ்பூன். ஒரு வேளைக்கு நாற்பது நிமிஷம். பேச்சுக் குடுத்தா ஒரு மணி நேரம்.”

“அவர் பேச்சுக் குடுப்பாரா?”

“நானா? வாயே தொறக்க மாட்டேன்” என்றார் கொம்பையா.

டாக்டர் முதல்முறையாகச் சிரித்தார். “விழலைன்னு எழுதலை. ‘விழ விடுவதில்லை’ன்னு எழுதியிருக்கீங்க.”

“ஆமா டாக்டர். ஒரு நாளைக்கு மூணு தடவை இறங்கப் பார்ப்பாரு. இன்னைக்கு ஒண்ணு முடிஞ்சது. இன்னும் ரெண்டு பாக்கி.”

டாக்டர் பேனாவைத் திறந்தார். அறிக்கையின் கீழே ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

“ஆறு மாசம் இல்லை. ஒரு வருஷம்” என்றார்.

“ஒரு வருசத்துக்குப் பெர்மிட்!” என்றார் கொம்பையா. “நேஷனல் பெர்மிட்டா அம்மா, இல்ல தமிழ்நாடு மட்டுமா?”

“இந்தக் கட்டில் மட்டும்” என்றார் டாக்டர்.

மூன்றாம் கட்டிலிலிருந்து தாயம்மாள் கூப்பிட்டார். “தம்பி, என்னுதையும் இதே பேனாவுல எழுதும்.”

மாலையில் வழக்கம்போல் கொம்பையாவை முற்றத்துக்கு இறக்கினார்கள். சாலையில் போகும் லாரிகளை அவர் பார்த்தார். எண்ணிக்கை இருபத்து மூன்று. அதில் ஆறு லாரிகளில் லோடு ஒரு பக்கமாகக் கட்டப்பட்டிருப்பதாகச் சொன்னார். இருட்டத் தொடங்கும் முன் மேலே ஏற்ற வேண்டியிருந்தது.

எப்சிபா முன்னால் நடந்தார். ஆவுடையப்பன் பின்னால் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்தார்.

“சிஸ்டர், இன்னொரு கேள்வி.”

“கேளுங்கண்ணே.”

“அந்த அறிக்கையைத் திரும்பப் படிச்சுப் பார்த்தேன். திருப்பினேன், ஊட்டினேன், பிடிச்சேன்னு எல்லா வரியிலும் என் கைதான் வருது. கூச்சமா இருக்கு. படிக்கிறவங்களுக்கு நான் என்னையே புகழ்ந்துக்கிட்ட மாதிரி இருக்காதா?”

அவர்கள் சாய்தளத்தின் பாதிக்கு வந்திருந்தார்கள்.

“அங்கேயே நில்லுங்கண்ணே” என்றார் எப்சிபா.

“மறுபடியுமா!” என்றார் கொம்பையா.

ஆவுடையப்பன் நின்றார். நாற்காலி அவர் மேல் சாய்ந்தது. முட்டியை முட்டுக் கொடுத்தார்.

“கையில என்ன தெரியுது?”

“கனம் சிஸ்டர்.”

“யாரோட கனம்?”

கொம்பையா வாயைத் திறந்தார். எப்சிபா உதட்டில் விரலை வைத்துக் காட்டினார். கொம்பையா வாயை மூடிக்கொண்டார்.

“அண்ணாச்சியோடது சிஸ்டர். அப்ப அறிக்கையில இருக்குறதும் என் கை இல்லை, அவரோட கனம்தான்” என்றார் ஆவுடையப்பன். நாற்காலியை மேலே தள்ளினார்.