குகநேசன் ஏறிய விமானம்

"நீ போய்ச் சேர், தம்பி. அவன் திரும்பி வந்தால்..." என்று பெரியப்பா தொடங்கிய பேச்சின் மறுபாதி, இருபத்தெட்டு வருடமாகியும் நிமலனுக்கு நினைவு வரவில்லை. அதற்குப் பிறகு சொன்னது மட்டும் மறக்கவில்லை: "பெரியம்மாவுக்கு இது தெரியக்கூடாது. அவள் சாகும்வரைக்கும்." நிமலன் கையில் அடித்துச் சத்தியம் செய்தான்.

அப்போது அவனுக்கு இருபது வயது. பெரியப்பாவின் மகன் குகநேசன் சைக்கிளில் சுன்னாகம் போனவன், ஒரு வருடம் தேடியும் கிடைக்கவில்லை. வெளிநாடு போக அவன் எடுத்துவைத்த கடவுச்சீட்டு அலுமாரியில் கிடந்தது. இருவருக்கும் ஒரே முகச்சாயல். அந்தப் பெயரில் விமானம் ஏறிய நிமலன், வடக்கே ஒரு குளிர்நாட்டில் அந்தப் பெயரிலேயே அகதியாகி, குடிமகனாகி, தகப்பனும் ஆனான்.

பெரியப்பா போய்ச் சேர்ந்துவிட்டார். இந்த மாசியில் சொந்த ஊரான அளவெட்டிக்கு வந்து இறங்கிய நிமலனை வாசலிலேயே மறித்து, பெரியம்மா ஒரு கடிதத்தை நீட்டினார்.

"வாசி, மோனை. நான் அப்பவே சொன்னனான், ஆர் கேட்டவை? என்ரை பிள்ளை உயிரோடை இருக்கிறான். கள்ளன், ஒரு கடிதம் போடேல்லைப் பார். வரட்டும், காதைத் திருகிறன்."

காணாமற்போனோரை விசாரிக்கும் அலுவலகத்தின் கடிதம். குகநேசன் 1997இல் கட்டுநாயக்கா விமான நிலையம் வழியாக நாட்டைவிட்டு வெளியேறியதாகப் பதிவு இருக்கிறது; ஆகவே அவனைத் தேடும் விசாரணைக் கோவை மூடப்படும். மறுப்பு இருந்தால் வியாழக்கிழமை ஆதாரத்தோடு வரவேண்டும். அதற்குப் பிறகு எடுபடாது.

"அப்ப அந்தச் சாட்சி?" என்றான் நிமலன். குகநேசனை ஒரு தடுப்பு முகாமில் கண்டதாகவும், பிறகு நடந்ததைச் சொல்வதாகவும் ஒருவர் இந்த வருடம்தான் முன்வந்திருந்தார்.

"அவர் ஆரையோ மாறிப் பாத்திருக்கிறார். இனி அவரை ஏன் கூப்பிடப் போகினம்? நீ இருக்கிற பக்கம்தான் எங்கையும் இருப்பான். விசாரிச்சுப் பார், ராசா."

அன்று பின்னேரமே, தான் வாழும் நாட்டிலுள்ள தமிழ்ச் சட்டத்தரணி ஒருவரைத் தொலைபேசியில் பிடித்து, சிநேகிதன் ஒருவனின் கதையாகக் கேட்டான்.

"சிநேகிதனுக்கும் உம்மடை வயதுதானோ?" என்று சிரித்த சட்டத்தரணி, பிறகு ஒளிக்காமல் சொன்னார். "தெரியவந்தால் குடியுரிமையைப் பறிப்பாங்கள். அதை வாங்கின நாளே இலங்கைக் குடியுரிமையும் போயிட்டுது. ஆள் எந்த நாட்டுக்கும் ஆளில்லை."

"பிள்ளை? தாயில்லாத பிள்ளை. தகப்பனாலைதான் அவளுக்குக் குடியுரிமை. ஏழு மாதத்திலை பதினெட்டு ஆகுது."

"பதினெட்டு முடிஞ்சால் தொடமாட்டாங்கள். அதுக்கு முன்னமெண்டால், தகப்பன்ரையோடை அவளின்ரையும் போகும்."

வியாழனுக்கு மூன்று நாள்தான் இருந்தது. வாய் திறந்தால் மகள் ஆரணி நாடில்லாதவள் ஆவாள். பெரியப்பாவுக்குக் கொடுத்த சத்தியத்தோடு பெரியம்மாவின் சிரிப்பும் போய்விடும். திறக்காவிட்டாலோ, குகநேசனைத் தேடுவது அவன் பெயரைக் கொண்டுபோனவனாலேயே நின்றுவிடும். கதை கேட்டவர்களே, நிமலன் யாருக்குத் துரோகம் செய்வது சரி?

புதன்கிழமை அவன் ஆரணிக்குத் தொலைபேசியில் எல்லாவற்றையும் சொன்னான். பிறகு பெரியம்மாவுக்கும் சொன்னான். வியாழன் காலை விசாரணை மேசையில், குகநேசன் பெயரும் தன் படமும் உள்ள கடவுச்சீட்டை வைத்து, "வெளியேறினது நான். சாட்சியைக் கூப்பிடுங்கோ" என்றான்.