ஆள்காட்டி மரத்தை விட்டு இறங்கிய நாள்

கிட்ட வந்து உட்காருங்கள். இதைச் சத்தம் போட்டுச் சொல்ல எனக்கு மனசு வராது.

பறவைகள் வாய்விட்டுப் பேசிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், ஏரிக்கரையில் ஒரு மருத மரம் நின்றது. காலையானால் அத்தனை பறவையும் அதில் கூடும். அங்கே ஒன்றைச் சொன்னால் எல்லோருக்கும் சொன்ன மாதிரி. ஆனால் கூடினாலே ஏச்சுப்பேச்சுதான். காகம் கொக்கின் காலைப் பழிக்கும், கொக்கு காகத்தின் நிறத்தைப் பழிக்கும்.

அதனால் கெட்டிக்காரக் கரிச்சானை உச்சிக்கிளையில் உட்கார வைத்து விதி போட்டார்கள். அவன் தலையாட்டினால்தான் பேசலாம். அன்றைய பேச்சைத் தவிர வேறு பேச்சு கூடாது. கத்தக் கூடாது. பக்கத்தில் இருப்பவரோடு குசுகுசு கூடாது. மீறினால் மூன்று நாள் வாய் திறக்கக் கூடாது. இதற்கு முதலில் சிறகைத் தூக்கியவள் ஆள்காட்டி. அவளுக்குச் சண்டை ஆகாது.

அந்த வருசம் அவள் வறண்ட ஏரிக்குள் நாலு முட்டை இட்டிருந்தாள். ஒரு காலையில் வாய்க்கால் வழியாகத் தண்ணீர் வருவதைப் பார்த்தாள். மரத்துக்குப் பறந்தாள். அங்கே கூழைக்கடாப் பெரியப்பா இருந்தார். அவர் அலகுப் பையில் நாலு முட்டையும் ஒரே அள்ளலில் அடங்கும். அவள் உச்சிக்கிளைக்குப் போய், கரிச்சானுக்கு மட்டும் கேட்கிற மாதிரி அனுமதி கேட்டாள்.

“அண்ணே, தண்ணி வருது. முட்டை போயிரும். பெரியப்பாகிட்ட ஒரு வார்த்தை சொல்லணும்.”

“இன்னைக்கு யாருக்கு எந்தக் கிளைங்கிற பேச்சு, தாயி” என்றான் கரிச்சான். “தண்ணிப் பேச்சு நேத்தோட முடிஞ்சுது.”

“நேத்து தண்ணி வரலையே.”

“அதுக்கு நான் என்ன செய்ய? இவங்க ஏழு பேரும் முடிக்கட்டும், விடுறேன்.”

ஏழு தவிட்டுக்குருவிகள். முதலாவது, தெற்குக் கிளை வேண்டும் என்றது. இரண்டாவது, முதலாவது சொன்னதை ஒரு சொல் விடாமல் திருப்பிச் சொல்லிவிட்டு, “எனக்கும் அதேதான்” என்றது. மூன்றாவது, அந்த இரண்டு பேர் சொன்னதையும் சொன்னது. இதற்கு ஒரு விதி போட மட்டும் யாருக்கும் தோன்றவில்லை.

மரத்திலிருந்து பார்த்தால் தண்ணீர் தெரிந்தது. அவள் தன் கிளைக்குத் திரும்பியிருந்தாள்; கூழைக்கடா ஒரு கிளை தள்ளித்தான் இருந்தார். அவள் அவர் பக்கம் சாய்ந்தாள்.

“குசுகுசு” என்றான் கரிச்சான்.

அவள் அலகை மூடிக்கொண்டாள்.

ஏழாவது முடித்தபின் கரிச்சான் தலையாட்டினான். அவள் சொல்லி முடிக்குமுன்பே கூழைக்கடா பறந்துவிட்டார். திரும்பி வந்து அலகைச் சாய்த்தார். வெறும் தண்ணீர் கொட்டியது.

“காதோரமா ஒரு வார்த்தை சொல்லக் கூடாதாம்மா?”

“விதிய நானும்தானே போட்டேன், பெரியப்பா.”

மரத்தை விட்டு இறங்கினாள். அன்று இறங்கியதுதான். இன்றுவரை எந்த ஆள்காட்டியும் மரத்தில் உட்காருவதில்லை. பொட்டல் தரையில் நின்று, யார் வந்தாலும், எது வந்தாலும், எவரையும் கேட்காமல் கத்துகிறது.

அவள் போவதைக் கரிச்சான் பார்த்துக்கொண்டிருந்தான். அப்புறம் தொண்டையைச் செருமி, “ஒரு கிளை காலி” என்று சொல்லி, அதை நாளைய பேச்சில் சேர்த்தான்.