வெள்ளிக்கிழமை நான்கு முட்டை

குளத்தங்கரையை ஒட்டிய கொல்லையில் செவலை என்றொரு நாட்டுக்கோழி இருந்தது. ஒருநாள் விட்டு ஒருநாள் முட்டையிடும். பதினைந்து முட்டை ஆனதும் அடைக்கு உட்கார்ந்துவிடும். அப்புறம் இரண்டு மூன்று மாதத்துக்கு முட்டை என்ற பேச்சே கிடையாது. வெள்ளைச்சி வந்து சேரும்வரை செவலைக்கு அது ஒரு குறையாகத் தெரிந்ததில்லை.

வெள்ளைச்சி பண்ணையிலிருந்து வந்த கோழி. வந்த அன்றே முட்டையிட்டது. மறுநாளும் இட்டது. மூன்றாம் நாளும் இட்டுவிட்டு, "அக்கா, நீங்களும் தினமும்தானே?" என்று கேட்டது.

செவலைக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "தினமும் ஒன்றுதானா! எனக்குக் காலையில் ஒன்று, மத்தியானம் ஒன்று!"

"அம்மாடியோ! இரண்டா?"

"சாயங்காலத்தை விட்டுட்டேனே! மூன்று! வெள்ளிக்கிழமை நான்கு!"

அன்றிலிருந்து செவலை வெறும் கூடையில் உட்கார்ந்து எழுந்து, மூன்று வேளையும் கொக்கரித்தது. தொண்டை கட்டிப்போனது. ஆனாலும் வெள்ளைச்சி வாயைப் பிளந்து பார்க்கும்போது ஒரு தனிச் சுகம்!

வேலிக்கு அப்பால் ஒரு கீரி இருந்தது. ஒரு வாரமாக இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்த அது, 'நாளைக்கு வெள்ளிக்கிழமை!' என்று துள்ளியது. ஆளுக்கு ஒரு முட்டை என்று கணக்குப் போட்டு, மாமனார், மாமியார், மைத்துனனை விருந்துக்கு அழைத்துவிட்டது.

வெள்ளிக்கிழமை காலையில் நான்கு கீரிகளும் கூடையைச் சுற்றி உட்கார்ந்தன. கூடைக்குள் செவலை நடுங்கியது.

"எழுந்திரு! முட்டை எங்கே?"

செவலை எழுந்தது. வைக்கோல்தான் இருந்தது. "இ... இன்னும் போடலை!"

"பரவாயில்லை, போடு. காத்திருக்கிறோம்."

செவலை முக்கியது. கண் பிதுங்க மறுபடி முக்கியது. ஒரு தும்மல் மட்டும் வந்தது.

மாமனார் கீரி திரும்பிப் பார்த்தது. "மாப்பிள்ளை, இதுதான் விருந்தா?"

மாப்பிள்ளைக்கு மானம் போனது. "எங்கேயோ ஒளித்து வைத்திருக்கிறாள் மாமா!"

"போட்டால்தானே ஒளிக்க!" என்று செவலை கதறியது. "ஒருநாள் விட்டு ஒருநாள் ஒன்றுதான்! அதுவும் நேற்றே போட்டாச்சு! மிச்சமெல்லாம் வெறும் சத்தம்!"

"சரி, முட்டை வேண்டாம். கோழியே போதும்," என்று மாமனார் பெருந்தன்மையாகச் சொன்னது.

நான்கும் பாய்ந்தன. செவலை அலறியடித்து முருங்கை மரத்தில் ஏறியது. வால் இறகு மொத்தமும் மாப்பிள்ளை வாயில் நின்றுவிட்டது. அலறல் கேட்டு வீட்டு நாய் ஓடிவரவும், விருந்தாளிகள் வேலிக்கடியில் புகுந்து பறந்தார்கள். "இனி உங்கள் வீட்டில் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டேன்!" என்று மாமியார் ஓடிக்கொண்டே சபதம் செய்தது.

வெள்ளைச்சி மரத்தடிக்கு வந்து நின்றது. "அக்கா, வால் எங்கே?"

"அது போகட்டும், தங்கச்சி. மூன்று, நான்கு என்றதெல்லாம் பொய்!"

"அப்பாடா!" என்று வெள்ளைச்சி பெருமூச்சு விட்டது. "என்னால் மூன்று போட முடியலையே என்று ஒரு வாரமாக நான் தீனியே தின்னலை, அக்கா!"

இல்லாத பெருமையை ஊர் கேட்கக் கொக்கரித்தால், அதை நம்பி வருகிறவர்களுக்கு நம்மையே பரிமாற வேண்டிவரும்.